மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-போட்டி கார்



வன்னியில் ஒரு சொந்தக்காரராவது இல்லாத லயம் குறைவு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டுப் போனவர்களில் பலர் வவுனியாவிலும், கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கமும் குடியேறினார்கள். அங்கே உள்ள பெரியவர்களைக் கேட்டால், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களைப் பற்றிச் சொல்வார்கள்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சிமெந்து இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு கிடைத்தது. புது வாகனங்கள் முடங்கிக் கிடக்க, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பாட்டன் காலத்து ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்கள்தான்! ஏ40 என்பது 1947இல் இங்கிலாந்தில் வெளிவந்த 1200 சிசி கார். நம்ம ஆட்கள் வாயில் அது 'ஏ-போட்டி'.

பழசு மட்டும் எப்படி ஓடியது? பெற்றோமக்ஸ் லைட்டை நினைத்துப் பாருங்கள். முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கினால்தானே மண்ணெண்ணெய் ஆவியாகி மெண்டில் பிடிக்கும்? இதுவும் அதே சங்கதிதான். கார்பரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து எஞ்சினில் அமுக்கம் குறைவு, அதனால் மட்டமான எண்ணெயையும் ஒருமாதிரித் தாங்கியது. பற்றறி செத்தாலும் கவலையில்லை, முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றலாம். இது வன்னியில் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயில் ஓடும் ஃபெர்கியூசன் டிராக்டர்களை இங்கிலாந்துக் கம்பெனியே செய்து விற்றது. ஆனால் காரை அதற்குப் பழக்கியது நம்ம கராஜ்காரர்களின் கெட்டித்தனம்.

எஞ்சினுக்கு அது நல்லதில்லை என்பதும் உண்மை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங் வழியாகக் கீழே வடிந்து எஞ்சின் ஓயிலோடு கலக்கும். ஓயில் மட்டம் குறையாமல் கூடிக்கொண்டே வந்தால் சந்தோஷப்படக் கூடாது, ஓயில் தண்ணியாகிறது என்று அர்த்தம். பெயாரிங் தேயும், வால்வில் கரி கட்டும்.

2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் மக்கள் விட்டுப்போன வாகனங்கள் மலைபோலக் குவிந்து துருப்பிடித்தன. தப்பிய ஏ-போட்டி இன்று அபூர்வம். அப்படி ஒன்று உங்கள் உறவினர் வீட்டுக் கொட்டிலில் கிடந்தால், இரும்பு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. பழைய ஓயிலை வடித்துப் புது ஓயில் ஊற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றி, துளையில் கொஞ்சம் ஓயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் பலம் காட்டாமல் எஞ்சினைப் பிரிப்பதே சரி. டேங்கைக் கழற்றித் துருவைக் கழுவி, கார்பரேற்றரைச் சுத்தம் செய்த பிறகே பெற்றோல் ஊற்றலாம்.