இரட்சிப்பின் நிச்சயம்

இரட்சிப்பின் நிச்சயம் அல்லது மீட்பின் உறுதி என்பது, தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன, கடவுள் தன்னைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார் என்று ஒரு கிறிஸ்தவர் கொள்ளும் மனத்தெளிவைக் குறிக்கும். இந்தத் தெளிவுக்கு வேதாகம வாக்குறுதியே ஆதாரம் என்பது பெரும்பாலான சீர்திருத்தத் திருச்சபைகளின் போதனை. அப்படியானால் வேதாகமத்தை நம்பியும் அந்தத் தெளிவு கிடைக்காதவரின் நிலை என்ன என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்து வருகிறது.

வேதாகம ஆதாரம்

இப்பொருளில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் வசனம் 1 யோவான் 5:13. விசுவாசிக்கிறவர்கள் தங்களுக்கு நித்திய ஜீவன் உண்டென்று அறியும்படியே இந்நிருபத்தை எழுதியதாக அதன் ஆசிரியர் கூறுகிறார். உணர்வதைப் பற்றி அல்ல, அறிவதைப் பற்றியே அவர் பேசுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல், உபத்திரவம், பசி, நிர்வாணம், பட்டயம் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, இவற்றில் எதுவும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு விசுவாசியைப் பிரிக்காது என்கிறார். துன்பம் வராது என்ற உறுதி அங்கே இல்லை.

எபிரெயர் 6:19 நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. கப்பலுக்குள் கிடக்கும் நங்கூரத்தால் பயனில்லை. அது கண்ணுக்குத் தெரியாத அடித்தரையைப் பற்ற வேண்டும். உறுதியின் பிடிமானம் விசுவாசியின் மனநிலைக்கு வெளியே இருக்கிறது என்று இந்த உவமையை விளக்குவர். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் நங்கூர வடிவத்தைச் செதுக்கி வைத்துள்ளனர்.

வரலாற்றில்

தனி வெளிப்பாடு இன்றி ஒருவர் தம் மீட்பை ஐயத்துக்கு இடமில்லாமல் அறிய முடியாது, ஆனால் கடவுளின் உதவியில் அனைவரும் உறுதியான நம்பிக்கை வைக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் அறிவித்தது.

இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி குருவாகி ஏழு ஆண்டுகள் ஆனபின், 1736 சனவரியில் அட்லாண்டிக் கடற்புயலில் சிக்கினார். தாம் சாவுக்கு அஞ்சியபோது உடன் பயணித்த மொரேவியர்கள் அமைதியாகப் பாடியது அவரை உறுத்தியது. 1738 மே 24 அன்று இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படுகையில் அவருக்கு நிச்சயம் பிறந்தது. பலரும் கதையை இத்தோடு முடித்துவிடுகின்றனர். ஆனால் அடுத்த சில மாதங்களிலேயே அவருடைய நாட்குறிப்பில் ஐயங்கள் திரும்பின. தொடக்கத்தில் நிச்சயமில்லாதவருக்கு மெய்விசுவாசம் இல்லை என்று கருதிய வெஸ்லி, பிற்காலத்தில் அதைத் தளர்த்தி, அந்த உணர்வு இல்லாதவரும் கடவுளுக்கு ஏற்புடையவராக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

கவிஞர் வில்லியம் கூப்பரின் (1731–1800) வாழ்வு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. கடும் மனச்சோர்வால் தற்கொலைக்கு முயன்று, செயின்ட் ஆல்பன்ஸ் நகரின் மனநல இல்லத்தில் இருந்த அவர், 1764-இல் ரோமர் 3:25-ஐ வாசித்தபோது பெரும் விடுதலை அடைந்தார். பின் போதகர் ஜான் நியூட்டனின் நண்பராகி, 1779-இல் வெளிவந்த ஓல்னி கீதங்களுக்கு 60-க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். ஆனால் 1773-இல் நோய் திரும்பியது. கடவுள் தம்மைக் கைவிட்டார் என்ற எண்ணம் அவரை இறுதிவரை விடவில்லை. வேதாகமம் உண்மை என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதன் வாக்குறுதி மற்றவர்களுக்கு உரியது, தமக்கு இல்லை என்றே நினைத்தார். 1799-இல் எழுதிய கவிதையில், கப்பலிலிருந்து கடலில் விழுந்து மூழ்கிய மாலுமியோடு தம்மை ஒப்பிட்டார்.

அடுத்த ஆண்டு கூப்பர் இறந்தபோது அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் நியூட்டன். நண்பரின் இருளை அவர் நோயாகவே கண்டார். கடவுளின் நிராகரிப்பாகக் காணவில்லை.