சென்னையில் பிறந்த விஸ்கி நிறுவனம் லண்டனுக்குக் கைமாறிய வரலாறு

புதுதில்லி: விஜய் மல்லையாவின் சொத்துகளிலிருந்து ரூ. 14,131 கோடி பொதுத்துறை வங்கிகளுக்கு மீட்டளிக்கப்பட்டுள்ளதாக மக்களவையில் 2024 டிசம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அந்த அறிவிப்பின் பின்னணியில், சென்னையில் தொடங்கிய ஒரு மது நிறுவனத்தின் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

ஆங்கஸ் மெக்டவல் என்பவர் 1826-ல் சென்னையில் தொடங்கிய வணிக நிறுவனம், இங்கிருந்த ஆங்கிலேயருக்கு மதுவையும் சுருட்டையும் தருவித்து விற்றது. நாடு விடுதலை பெற்றபின், 1951-ல் விட்டல் மல்லையா அதை வாங்கினார். 1959-ல் கேரளத்தின் சேர்த்தலையில் வடிப்பாலை அமைந்தது. 1968-ல் 'மெக்டவல்ஸ் நம்பர் ஒன்' விஸ்கி சந்தைக்கு வந்தது.

தந்தை 1983-ல் மறைந்ததும் தலைமையேற்ற விஜய் மல்லையா, 2005-ல் நீண்டகாலப் போட்டியாளரான ஷா வாலஸை வசப்படுத்தினார். மறு ஆண்டு நிறுவனம் 'யுனைடெட் ஸ்பிரிட்ஸ்' என்று பெயர் மாறியது. 2007-ல் ஸ்காட்லாந்தின் 'வைட் அண்ட் மெக்கே' நிறுவனத்தை 59.5 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது, ஆங்கிலேயரிடமே ஸ்காட்ச் வாங்கி அவர்களுக்கே விற்கும் நிலைக்கு இந்திய நிறுவனம் உயர்ந்துவிட்டதாகப் பாராட்டுகள் குவிந்தன.

சறுக்கல் விஸ்கியால் வரவில்லை, விமானத்தால் வந்தது. 2005-ல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012-ல் தரையிறங்கியது. அதன் கடனுக்கு மல்லையாவின் தாய் நிறுவனமும் அவரும் உத்தரவாதம் அளித்திருந்தனர். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டியாஜியோ, 2013-ல் நிறுவனத்தின் 25 சதவீதப் பங்குகளைப் பெற்றது. 2014-ல் அதன் பங்கு 54.78 சதவீதமாயிற்று. பிரிட்டனில் போட்டிச் சட்டச் சிக்கல் எழவே, வைட் அண்ட் மெக்கே 43 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது. வாங்கிய விலையில் 16.5 கோடி பவுண்டு குறைவு.

2002, 2010 ஆகிய இரு முறையும் கர்நாடகத்திலிருந்து சுயேச்சையாக மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மல்லையா. கட்சி எதுவாயினும், அவருக்கு வாக்களிக்க எம்எல்ஏக்கள் இருந்தனர். 2016 மார்ச்சில் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அவரை நீக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஒழுங்குமுறைக் குழு வந்த நிலையில், அவ்வாண்டு மே மாதம் பதவி விலகினார்.

கடன் வசூல் தீர்ப்பாயம் 2017-ல் நிர்ணயித்த தொகை ரூ. 6,203 கோடி. அதைவிட இரு மடங்குக்கு மேல் வசூலித்துவிட்டதாகக் கூறி, கணக்குக் கேட்டு 2025-ல் கர்நாடக உயர்நீதிமன்றத்தை மல்லையா அணுகினார். வட்டியைச் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது வங்கித் தரப்பு வாதம்.

மது நிறுவனம் நிலைத்து நிற்கிறது, உரிமையாளர்தான் மாறினார். ஆனால், பெரும் கடனாளியான ஒருவர் சட்டமியற்றும் அவையிலும் அமர்ந்திருந்தபோது, கேட்க வேண்டிய கேள்விகளை வங்கிகளும் கட்சிகளும் ஏன் உரிய நேரத்தில் கேட்கவில்லை? வசூலான கோடிகளைச் சொன்ன நாடாளுமன்றம், இந்தக் கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.