கல்லும் களவும்: பண்டைய கெமர் நாகரிகமும் குற்றப் புனைகதையில் அதன் எச்சங்களும்

பண்டைய நாகரிகமொன்றைப் பிற்காலத்தவர் நினைவுகூரும் முறை, அந்நாகரிகத்தைப் பற்றி மாத்திரமன்றி நினைவுகூருவோரைப் பற்றியும் சான்று பகர்வதாகும். எவரது தேவைக்காக அந்நினைவு மீட்கப்படுகிறது என்பதே இங்கு அடிப்படை வினா. கெமர் நாகரிகம் இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும். கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை அங்கோர்ப் பகுதியை மையமாகக் கொண்டு விளங்கிய அவ்வரசு, 19ஆம் நூற்றாண்டின் பின்னர் குடியேற்றவாத வரலாற்றாசிரியரிடத்தும் தேசியவாதிகளிடத்தும் மறுவாழ்வு பெற்றது. குற்றப் புனைகதை ஆசிரியரிடத்தும் அது ஒரு தனி வாழ்வைப் பெற்றது. இம்மூன்றாவது வாழ்வை முதலிரண்டோடும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றப் புனைகதை ஆய்வுக்குரிய பொருளாகுமா என ஐயுறுவோர் நம்மிடையே இன்னும் உளர். குற்றக் கதையின் சமூக வரலாற்றை விளக்கி ஏர்னெஸ்ற் மண்டேல் 1984இல் வெளியிட்ட நூலின் பின்னர் அவ்வையத்துக்கு இடமில்லை. முதலாளித்துவ சமூகம் தனது சொத்துரிமை பற்றிய அச்சங்களையும் ஒழுங்கு பற்றிய ஆசைகளையும் வேறெவ்விலக்கிய வடிவத்திலும் இத்துணை வெளிப்படையாகப் பதிவு செய்ததில்லை. ஆகவே, எது குற்றம் எனக் கொள்ளப்படுகிறது, எது கொள்ளப்படுவதில்லை என்பதை அவ்வடிவத்தின் வாயிலாக நாம் அறிய முடிகிறது.

1. கல்வெட்டின் இரு மொழிகள்

இரண்டாம் ஜயவர்மன் 802ஆம் ஆண்டில் மகேந்திர பர்வதம் எனப்பட்ட குலேன் மலையில் பேரரசனாக முடிசூடினான் என்பதனைப் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்டொக் கொக் தொம் கல்வெட்டினால் அறிகிறோம். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் அங்கோர் வாட் கோயிலை எழுப்பினான். 1181இல் அரியணையேறிய ஏழாம் ஜயவர்மன் அங்கோர் தொம் நகரையும் பாயோன் கோயிலையும் அமைத்தான். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்வரிசையிலேயே கெமர் வரலாற்றைக் கூறிச் செல்வன.

ஆனால், கெமர் கல்வெட்டுகளே வேறொரு வாசிப்புக்கும் வழி செய்கின்றன. அவற்றுட் பல இருமொழிக் கல்வெட்டுகளாகும். வடமொழிப் பகுதி செய்யுள் வடிவில் அமைந்தது. கடவுளரையும் மன்னரையும் போற்றுவது. கெமர் மொழிப் பகுதி உரைநடையிலமைந்தது. கோயிலுக்கு வழங்கப்பட்ட வயல்களையும், மாடுகளையும், பாத்திரங்களையும், அவற்றோடு மனிதரையும் ஒரே பட்டியலில் நிரைப்படுத்துவது. ‘க்ஞும்’ எனப்பட்ட அம்மனிதர்கள் ஆண், பெண் என்பதைக் குறிக்கும் முன்னொட்டுகளோடு பெயர் பெயராகப் பொறிக்கப்பட்டுள்ளனர். இவர்களை முற்றாக அடிமைகள் எனக் கொள்வதா, கோயிலோடு பிணிக்கப்பட்ட உழவர் எனக் கொள்வதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், அவர்களது உழைப்பும் அவ்வுழைப்பின் மிகுதியும் பிறர்க்குரியனவாயிருந்தன என்பதில் ஐயமில்லை.

1186ஆம் ஆண்டைச் சேர்ந்த தா புரோம் கல்வெட்டு இவ்வமைப்பின் அளவினை உணர்த்துகிறது. அவ்வொரு கோயிலின் பராமரிப்புக்கு 3,140 ஊர்களும் 79,365 பேரும் ஒதுக்கப்பட்டிருந்தனர். கோயிலில் 615 ஆடல் மகளிர் இருந்தனர். அதே மன்னன் 102 மருத்துவச் சாலைகளை நிறுவியமை அவனது அருளுடைமைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. அச்சாலைகளுக்கு நெல் வழங்கிய ஊர்களைப் பற்றி அத்துணை அடிக்கடி எவரும் எழுதுவதில்லை. 1296இல் சீனத் தூதுக்குழுவுடன் அங்கோருக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கிய சோ தாகுவான், வசதி படைத்த வீடுகளில் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர் என்றும், மிக வறியவரிடமே அடிமைகள் இல்லை என்றும் எழுதியுள்ளார். அவ்வடிமைகள் மலைவாழ் குடிகளினின்றும் பிடித்து வரப்பட்டோர் எனவும், அக்குடியின் பெயரே நகரத்தில் வசைச் சொல்லாக வழங்கியது எனவும் அவர் கூறுவது மனங்கொளத்தக்கது.

2. நீரும் அரசும்

8 கிலோமீற்றர் நீளமும் 2 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட மேற்குப் பராய் நீர்த்தேக்கம் போன்ற பெரும் வேலைகள், ஆசிய உற்பத்தி முறை பற்றிய விவாதத்தில் அங்கோருக்குத் தனியிடம் பெற்றுக் கொடுத்தன. கிழக்கத்தைய அரசுகளின் பொதுப்பணிகளில் நீர்ப்பாசனம் பெறும் முக்கியத்துவத்தை மார்க்ஸ் 1853இல் இந்தியா பற்றி எழுதிய கட்டுரைகளிற் குறிப்பிட்டார். அதனை விற்ஃபோகல் 1957இல், சோசலிச அரசுகளைத் தாக்குவதற்கான கருவியாகவும் மாற்றியமைத்தார். 1979இல் பெர்னார்-பிலிப் குரோஸ்லியே அங்கோரை ‘நீரியல் நகரம்’ என வருணித்தார். பராய்கள் பாசனத்துக்குப் பயன்பட்டனவா என்பதே அடுத்துவந்த ஆண்டுகளிற் கேள்விக்குள்ளானது. பின்னைய நிலவாய்வுகள் நீர் உள்வரு வழிகளையும் வெளிச்செல் வழிகளையும் கண்டறிந்து அவ்வையத்தைப் பெருமளவு நீக்கின. 2012இல் வானிலிருந்து லேசர் கதிர்கொண்டு மேற்கொள்ளப்பட்ட அளவைகள், காட்டினடியில் மறைந்திருந்த வீதிகளையும் குடியிருப்பு மேடுகளையும் குளங்களையும் வெளிப்படுத்தின. இதனால், கோயில்களுக்கிடையே வாழ்ந்த சாதாரண மக்களின் நகரம் முதன்முறையாகக் கட்புலனாயிற்று.

இவ்விவாதம் நமக்குப் புதியதன்று. எட்மண்ட் லீச் 1959இலும், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1971இலும் இலங்கையின் குளங்களை முன்வைத்து விற்ஃபோகலின் கொள்கையை மறுத்துரைத்தனர். பெருங்குளம் இருக்குமிடத்திலெல்லாம் தனியொரு கொடுங்கோலன் இருத்தல் வேண்டும் என்பதில்லை. கிராமமும் கோயிலும் உள்ளூர்ப் பிரபுக்களும் நீரின்மீது கொண்டிருந்த அதிகாரத்தை வேறாக ஆராய்தல் வேண்டும் என்பதே அம்மறுப்பின் சாரம். அங்கோருக்கும் இது பொருந்தும்.

அங்கோரின் வீழ்ச்சியையும் இவ்வாறே நோக்குதல் தகும். 1431இல் அயுத்தயாப் படைகள் நகரைக் கைப்பற்றியமை ஒரு காரணமே. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வரட்சிகள் நிகழ்ந்தன என்பதனையும் அவற்றினிடையே பெருமழைக் காலங்கள் வந்தன என்பதனையும் மரவளையங்கள்பற்றிய ஆய்வு 2010இல் எடுத்துக்காட்டியது. கடல் வணிகத்தின் ஈர்ப்பால் அரசின் மையம் தெற்கே நகர்ந்தது. ஆயினும், மக்கள் அப்பிரதேசத்தை முற்றாக விட்டகலவில்லை. அங்கோர் வாட் பௌத்தத் தலமாகத் தொடர்ந்து வழிபடப்பட்டது. 1860இல் அங்கு சென்ற ஹென்றி மூஓ ‘மறைந்த நகரைக் கண்டுபிடித்தார்’ என்னும் கூற்று, அங்கு வாழ்ந்த மக்களைக் கணக்கிலெடாதோரின் கூற்றாகும். அவரது பயணக் குறிப்புகள் அச்சேறிய 1863ஆம் ஆண்டிலேயே கம்போடியா பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்தது. மறைந்த நகர், மறந்த மக்கள், மீட்க வந்த ஐரோப்பியர் என்னும் கதைச் சட்டகம் ஆட்சியுரிமைக்கு நியாயம் கற்பித்தது. புனைகதை ஆசிரியர்க்குக் கிட்டிய சட்டகமும் இதுவேயாம்.

3. இரண்டு வழக்குகள்

1923 டிசெம்பரில் அன்ட்ரே மால்ரோ என்னும் 22 வயது எழுத்தாளர், தமது மனைவி கிளாராவுடனும் லூயி செவாசோன் என்னும் நண்பருடனும் பன்ரேய் ஸ்ரேய் கோயிலுக்குச் சென்று, அதன் சுவரிலிருந்த தெய்வ மகளிர் சிற்பங்களை அறுத்தெடுத்தார். 967இல் அமைக்கப்பட்ட அக்கோயில் கெமர் சிற்பக்கலையின் உச்சங்களுள் ஒன்று. சிற்பங்களுடன் புனோம் பென் வந்தடைந்தபோது அவர்கள் கைதாயினர். 1924 யூலையில் மால்ரோவுக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆந்ரே ஜீத், ஆந்ரே ப்ரெத்தோன் உள்ளிட்ட பாரிஸ் எழுத்தாளர்கள் அவருக்காக ஒப்பமிட்டனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் சைகோன் மேன்முறையீட்டு மன்றம் தண்டனையை ஓராண்டாகக் குறைத்து, அதனையும் ஒத்திவைத்தது.

அடுத்த ஆண்டு ஏப்பிரலில் மற்றொரு நிகழ்ச்சி. கம்பொங் ச்நாங் மாகாணத்தின் பிரெஞ்சு அதிகாரியான ஃபெலிக்ஸ் பார்டேஸ், கிராங் லீவ் கிராமத்துக்கு வரி அறவிடச் சென்றார். வரி செலுத்தாதோரை அவர் பிணித்து வைத்தமையாற் சினமுற்ற கிராமத்தவர் அவரையும் உடன் சென்ற இருவரையும் அடித்துக் கொன்றனர். ஆண்டிறுதியில் புனோம் பென்னில் நடந்த விசாரணையில் ஒருவருக்கு மரண தண்டனையும் வேறு சிலருக்கு நீண்டகாலத் தண்டனைகளும் விதிக்கப்பட்டன. அதனோடு அமையாது, அரச கட்டளையொன்றினால் அக்கிராமத்தின் பெயரே ‘விலங்குத்தன்மை’ எனப் பொருள்படும் சொல்லாக மாற்றப்பட்டது. உழைப்போரின் பெயரை அதிகாரம் எழுதும் மரபு கல்வெட்டுக் காலத்தோடு முடிவுறவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விரு வழக்குகளையும் ஒருங்கே நோக்குதற்கு வலுவான காரணம் உண்டு. மால்ரோ 1925இல் இந்தோசீனாவுக்கு மீண்டு வந்து, போல் மோனேன் என்னும் வழக்கறிஞருடன் சேர்ந்து குடியேற்ற ஆட்சியைச் சாடும் பத்திரிகையை நடத்தியவர். பார்டேஸ் வழக்கின் அநீதியை அப்பத்திரிகை வெளிப்படுத்தியது. எனவே, அவரை வெறுங் கள்வர் என ஒதுக்குவது நேர்மையான திறனாய்வாகாது. ஆனால், 1930இல் அவர் எழுதிய ‘அரச பாதை’ என்னும் நாவல் எவ்வழக்கைப் பொருளாகக் கொண்டது? சிற்பக் களவையே. கிராங் லீவின் உழவர் அவரது பத்திரிகையில் இடம்பெற்றனர். அவரது புனைகதையில் இடம்பெறவில்லை.

நாவலில் குளோட் என்னும் இளைஞனும் பெர்க்கன் என்னும் முதிய சாகசக்காரனும் காட்டிற் புகுந்து சிற்பங்களைப் பெயர்த்தெடுக்கின்றனர். கற்கள் யாருக்குரியன என்னும் விவாதம் பிரெஞ்சு நிறுவன அதிகாரிக்கும் பிரெஞ்சு இளைஞனுக்கும் இடையிலேயே நடைபெறுகிறது. கெமர் மக்கள் வண்டிக்காரராகவும் வழிகாட்டிகளாகவும் வருவர். இடர் வந்துற்றபோது அகன்றுவிடுவர். சாவை எதிர்கொள்ளும் தனிமனித வீரமே நாவலின் மெய்ப்பொருள். அந்தப் பொருளின் ஆழம் மறுக்கற்பாலதன்று. எனினும், அந்தத் தனிமனிதன் தன்னை உணர்வதற்கான களமாக ஒரு மக்களின் வரலாறு சுருங்கிவிடுகிறது.

4. துப்பறிவோர் காணாதவை

பிற்காலக் குற்றப் புனைகதை இச்சட்டகத்தை ஓரளவு மாற்றியமைத்துள்ளது. ஹான் சூயின் 1963இல் எழுதிய ‘நான்கு முகங்கள்’ பாயோனின் முகக் கோபுரங்களை நினைவூட்டும் தலைப்பினைக் கொண்டது. நடுநிலைமைக் காலக் கம்போடியாவில் நிகழும் மர்மக் கதை அது. கிறிஸ்ரோபர் ஜி. மூர் 1990களின் முற்பகுதியில் ஐ.நா. படைகள் நிலைகொண்டிருந்த புனோம் பென் நகரைத் துப்பறியும் கதைக்குக் களமாக்கினார். கொலின் கொற்றரில் 2010இல் வெளியிட்ட நாவலில், லாவோஸ் நாட்டு மரண விசாரணை மருத்துவர் சிரி கெமர் ரூஜ் ஆட்சியின் சிறையில் அகப்படுகிறார். கிம் ஃபே 2012இல் எழுதிய ‘இழந்த நினைவுகளின் வரைபடம்’, கெமர் வரலாறு பொறித்த செப்பேடுகளைத் தேடும் அமெரிக்கப் பெண்ணொருத்தியை 1925ஆம் ஆண்டுச் சூழலிற் காட்டுகிறது. களவு இங்கு வினாவாக்கப்படுகிறது என்பது வளர்ச்சியே. ஆயினும், வினவுவோர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தோரே.

இதனிடையே உண்மை வாழ்வு புனைகதையை விஞ்சியது. 1970களில் தொடங்கிய போர்க்காலத்தில் கோ கேர் முதலிய இடங்களின் சிற்பங்கள் பெருமளவிற் களவாடப்பட்டன. பிரசாத் சென் கோயிலில் பீடத்தோடு எஞ்சியிருந்த பாதங்கள், நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்த துரியோதனன் சிற்பத்தோடு பொருந்தின. 2014இல் அச்சிற்பம் நாடு திரும்பியது. கலைப்பொருள் வணிகர் டக்ளஸ் லாட்ச்ஃபோர்ட் மீது 2019இல் நியூயோர்க்கில் குற்றஞ்சாட்டப்பட்டது. விசாரணைக்கு முன்னரே, 2020இல் அவர் இறந்தார். மெற்றோபொலிற்றன் கலைக்கூடம் 14 சிற்பங்களைத் திருப்பியளிக்க 2023இல் உடன்பட்டது. கல்லைப் பெயர்த்த வறிய உழவனுக்கும் கண்ணாடிப் பேழையில் அதனை வைத்த நிறுவனத்துக்கும் இடைப்பட்ட சங்கிலியைத் துப்பறியும் கதை முழுமையாகத் தொடர்வதில்லை. கள்வன் பிடிபட்டதும் அது முடிந்துவிடுகிறது, சந்தை விசாரிக்கப்படுவதில்லை.

5. பெருமையின் விலை

அங்கோர் கெமர் மக்களின் தன்மான உணர்வுக்கும் ஊற்றாயிருந்தது. 1936இல் தொடங்கிய முதற் கெமர் மொழிச் செய்தித்தாள் ‘நகரவத்த’, அதாவது அங்கோர் வாட் எனப் பெயர் பூண்டது. நாட்டின் கொடியிலும் அக்கோயிலே பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால், பெருமை விமர்சனமற்றதாகுமிடத்து யாது நிகழும்? 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் தலைமை, அங்கோரைக் கட்டியோரால் எதையும் செய்யவியலும் என்று கூறிக் கால்வாய்களும் அணைகளும் வெட்ட மக்களைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தியது. பதினைந்து முதல் இருபது இலட்சம் வரையிலான மக்கள் மாண்டனர். மார்க்சியத்தின் பெயரை அணிந்து நிகழ்ந்த இக்கொடுமையை மார்க்சியவாதிகளாகிய நாம் பிறரினும் கண்டிப்பாக ஆராய்தல் கடன். கோயிலைக் கண்டு ‘க்ஞும்’ பட்டியலை மறந்த வரலாற்று நோக்கும் அதற்கு உடந்தையாயிருந்தது.

தமிழ் வாசகரும் இவ்விடத்தில் தம்மை வினவிக்கொள்ளுதல் நன்று. கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழிவந்தது. சிதம்பரம் கல்வெட்டொன்று காம்போச மன்னன் முதலாம் குலோத்துங்கனுக்குக் கல்லொன்றைக் கையுறையாக அனுப்பியதைக் குறிப்பிடுகிறது. பராக்கிரமபாகு காலத்தில் இலங்கைக்கும் கம்போடியாவுக்கும் தொடர்பிருந்தமையைச் சூளவம்சம் கூறுகிறது. தொடர்புகள் உண்மையே. அவற்றைக் கொண்டு ‘அங்கோரைக் கட்டியவன் தமிழ் மன்னன்’ எனப் பெருமை பேசுவது வரலாறன்று. அதுவும் ஒருவகைக் களவே. சிற்பத்தையன்று, உழைப்பின் உரிமையைக் களவாடுவது.

பழைய கெமரில் அடிமையைக் குறித்த ‘க்ஞும்’ என்னும் சொல், இன்றைய கெமர் மொழியில் ‘நான்’ எனப் பொருள்படும் இயல்பான தன்மைப் பெயராகும். நமது ‘அடியேன்’ என்பதன் வரலாற்றை அறிந்தோர்க்கு இம்மாற்றம் எளிதில் விளங்கும். ஆனால், ‘அடியேன்’ பணிவுச் சொல்லாகவே நின்றுவிட, ‘க்ஞும்’ எல்லோருக்கும் பொதுவான ‘நான்’ ஆயிற்று. கல்வெட்டிற் பிறரால் எண்ணப்பட்டோரின் வழித்தோன்றல்கள், 2012இல் வெளிவந்த ‘புனோம் பென் நுவார்’ தொகுதியில் அயல்நாட்டாரோடு தாமும் குற்றக் கதைகளை எழுதியுள்ளனர். அது சிறிய தொடக்கமே. ஆயினும், அங்கோரின் வரலாற்றிலும் புனைகதையிலும் இதுகாறும் எண்ணிக்கையாக நின்றோர் கதைசொல்லிகளாகும்போதுதான், முதற் குற்றம் எதுவென்னும் விசாரணை முறையாகத் தொடங்கும்.