பிரஷ் எழுதும் பெரட்டுக் கணக்கு

பல் துலக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரைக் கேட்டாலும் "ரெண்டு நிமிஷம்" என்பார்கள். பல் மருத்துவர்கள் சொல்லும் அளவும் அதுதான். கைப்பேசியோடு பேசும் பிரஷ் ஒன்றை ஒரு வாரம் பயன்படுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். திங்கட்கிழமை 48 விநாடி, செவ்வாய் 55, கடைவாய்ப் பற்களின் உட்புறம் ஒருநாளும் தொடப்படவில்லை என்று அது படம் போட்டே காட்டும்.

2014-இல் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் கொலிப்ரீ என்ற பிரெஞ்சு நிறுவனம் இப்படியொரு பிரஷ்ஷைக் காட்டியது. அதே ஆண்டு ஓரல்-பி தன் புளூடூத் பிரஷ்ஷுடன் வந்தது. 2017-இல் லொரியாலும் விதிங்ஸும் சேர்ந்து ஒரு தலைவாரும் பிரஷ் செய்தன. அதற்குள் ஒரு மைக். முடியை வாரும் ஓசையை அது கேட்கும்; அழுத்தி வாரினால், "மெதுவாக வாருங்கள்" என்று அதிர்ந்து எச்சரிக்கும். நம் பாட்டிமார் இந்த வேலையை மைக் இல்லாமலேயே செய்தார்கள்.

பல் பிரஷ்ஷுக்குள் பெரிய மாயம் ஏதுமில்லை. கைப்பேசியைச் சாய்த்தால் திரையைத் திருப்பும் அதே வகை உணரிகள், பிடியின் சாய்வையும் அசைவையும் அளக்கின்றன. இன்னொன்று ஈறில் விழும் அழுத்தத்தைப் பார்க்கிறது. கணக்கு புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குப் போய், அங்கிருந்து இணையத்தில் ஏறுகிறது. இணையத்துக்குப் போவது கைப்பேசிதான், பிரஷ் அல்ல. இது புரியாததால்தான் 2024 பிப்ரவரியில் உலகமே ஏமாந்தது. 30 லட்சம் பிரஷ்கள் ஊடுருவப்பட்டு ஒரு நிறுவனத்தின் இணையத்தளத்தைத் தாக்கின என்று சுவிட்சர்லாந்து நாளிதழ் ஒன்று எழுத, பல நாட்டு ஊடகங்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டன. அது கற்பனை உதாரணம் மட்டுமே என்று, அந்த நாளிதழுக்குத் தகவல் தந்த இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஃபோர்ட்டிநெட் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

மலேசியாவின் ஜொகூர் மாநிலவாசிகளுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. 2002-இல் டைசன் நிறுவனம் தன் தூசி உறிஞ்சிகளின் உற்பத்தியை இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. அதிலிருந்து ஜொகூரின் ஒப்பந்த ஆலைகளுக்கும் அந்தப் பெயருக்கும் நெருங்கிய உறவு. செனாயில் அதன் வடிவமைப்பு, சோதனை மையமும் இருக்கிறது. 2024-இல் டைசன் வெளியிட்ட ஏர்ராப் ஐ.டி. என்ற முடி சுருட்டும் கருவி, செயலியோடு இணைகிறது. முடி எவ்வளவு நீளம், சுருளா நேரா, பயன்படுத்துபவர் கை பழகியவரா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வேலையைத் தொடங்கும்.

சேரும் கணக்குகளைக் காக்கும் கிடங்குகளும் இதே மாநிலத்தில் எழுந்து நிற்கின்றன. கூலாயில் ஒய்.டி.எல். குழுமத்தின் தரவு மைய வளாகம் அமைந்திருப்பது கூலாய் யங் தோட்டத்து நிலத்தில். செம்பனை நின்ற இடத்தில் இன்று சர்வர்கள் ஓடுகின்றன. யாருடைய பிரஷ் கணக்கு எந்த ஊர்க் கட்டடத்தில் கிடக்கிறது என்பது வெளியே நிற்பவர் கண்ணுக்குப் படாது.

தோட்டம் என்றதும், விடிகாலை ஆள்கணக்கான பெரட்டு நினைவுக்கு வராத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. இருள் பிரியுமுன் தொழிலாளர்கள் வரிசையில் நிற்க, தோட்ட எழுத்தரான கிராணி பெயர் குறிப்பார். செக்ரோல் என்ற அந்த வருகை ஏட்டில் பெயர் ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமை, அதில் பெயர் இருந்தவருக்கு இல்லை. பேரப்பிள்ளைகள் இன்று காசு கொடுத்து வாங்கும் பிரஷ்ஷும் விடிகாலையில்தான் பெயர் குறிக்கிறது. ஏட்டின் ஒரு பக்கம் கைப்பேசியில் தெரிகிறது என்பது முன்னேற்றம்தான்.

நம் கண்ணில் படாத மறுபக்கம் பணத்தோடு சேரும்போதுதான் விஷயம் கனக்கிறது. அமெரிக்காவில் பீம் என்ற பல் காப்புறுதி நிறுவனம், தன் பிரஷ்ஷைக் கொடுத்து, ஊழியர்கள் துலக்கும் பழக்கத்தைக் குழுக் காப்புறுதிக் கட்டணத்தோடு இணைத்தது. நன்றாகத் துலக்கும் குழுவுக்குச் சலுகை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குழுவுக்குச் சலுகை என்றால், பிரஷ்ஷைத் தொடாத குழு கூடுதலாகக் கட்டுகிறது என்றுதானே அர்த்தம்? மாதவிடாய் நாள்களைக் குறித்துவைக்கும் ஃப்ளோ செயலியின் கதை இன்னும் மோசம். ரகசியம் காப்பதாகச் சொல்லிவிட்டு, ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குத் தகவல் அனுப்பியதாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021-இல் அது சமரசத்தில் முடிந்தது.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ளது. 2024-இல் அது திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாயிற்று. தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் 1 முதல் கட்டாயம். உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. பல் துலக்கிய விநாடிகள் உடல்நலத் தகவலா, வெறும் பழக்கமா? வக்கீல்களுக்கு நல்ல தீனி.

இதற்காகக் கருவிகளைத் தூக்கியெறியத் தேவையில்லை. தேசியச் சுகாதார ஆய்வின்படி 2023-இல் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அப்படிப்பட்ட நாட்டில் நடையை எண்ணும் கைப்பட்டையும், சர்க்கரையை அளக்கும் உணரியும் பலருக்கு உதவுகின்றன. பிரஷ்ஷோடு வரும் விளையாட்டுக்காகவே வாயைத் திறக்கும் பிள்ளைகளும் உண்டு.

பலரும் கேட்பது, பல் துலக்கும் செயலிக்கு நான் இருக்கும் இடம் எதற்கு என்பதுதான். அதற்குச் சாதாரண விடை உண்டு. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் புளூடூத் கருவியைத் தேடவே இட அனுமதி தேவைப்பட்டது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 இரண்டையும் தனித்தனி அனுமதிகளாகப் பிரித்துவிட்டது. புதிய கைப்பேசியிலும் செயலி இட அனுமதியைக் கேட்டால் தாராளமாக மறுத்துப் பார்க்கலாம். செயலியே வேண்டாம் என்பவர்களின் பிரஷ்ஷும் இரண்டு நிமிடம் முடிந்ததும் கையில் அதிர்ந்து காட்டும். அந்த வசதி புளூடூத் வருவதற்கு முன்பே இருந்தது.