எல்லைப் பகுதியில் அரசாணைகளின் மொழி

அரசு மக்களிடம் பேசும் சொற்கள் பல. அவை அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ‘அறிவிப்பு’ ஒரு செய்தியைத் தெரிவிப்பது. ‘அறிவிக்கை’ சட்டம் அளித்த அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியிடப்படுவது. ‘சுற்றறிக்கை’ அலுவலர்களுக்கு வழிகாட்டுவது. ‘ஆணை’ ஒரு பொருளில் முடிவு கண்டு, அதற்கு உட்படுமாறு பணிப்பது. இவ்வேறுபாட்டை அறியாத குடிமகன் எதற்குக் கட்டுப்பட வேண்டும், எதை எதிர்த்து முறையிடலாம் என்பதை அறிய இயலாது.

கேரள எல்லையில் தமிழர் வாழும் பகுதிகளில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும், கொச்சியைச் சேர்ந்திருந்த சித்தூரும், சென்னை மாநிலத்தின் மலபாரைச் சேர்ந்த பாலக்காடும் கேரளத்தில் அமைந்தன. பாலக்காடு மாவட்டம் 1957இலும் இடுக்கி மாவட்டம் 1972இலும் உருவாயின. இங்குள்ள தமிழர் பலருக்கு மலையாளம் கேட்டுப் பழகிய மொழியே. ஆயினும், தெரியாத சொல்லைக் காட்டிலும் தெரிந்த சொல்லே இங்கு மிகுதியாக ஏமாற்றுகிறது.

ஒரே சொல், இரு பொருள்

தமிழில் ‘சட்டம்’ என்பது சட்டமன்றம் இயற்றுவது. அதன் கீழ் அரசு வகுப்பவை ‘விதிகள்’. மலையாளத்தில் சட்டமன்றம் இயற்றுவது ‘நியமம்’, விதிகளே ‘சட்டங்கள்’. இடுக்கி விவசாயிகளின் நில உரிமையோடு நெருங்கிய தொடர்புடையவை 1960ஆம் ஆண்டின் கேரள அரசு நில ஒப்படைப்புச் சட்டமும், அதன் கீழ் வகுக்கப்பட்ட 1964ஆம் ஆண்டின் விதிகளும் ஆகும். மலையாளத்தில் முன்னது நியமம், பின்னது சட்டம். விதியை அரசே திருத்தலாம். சட்டத்தைத் திருத்தச் சட்டமன்றம் வேண்டும். ஆகவே இது வெறும் சொல் வேற்றுமை அன்று.

அந்நிலத்திற்கு வழங்கப்படும் உரிமை ஆவணம் மலையாளத்தில் ‘பட்டயம்’. தமிழகத்தில் அச்சொல் இன்று தொழில்நுட்பக் கல்விச் சான்றையே நினைவூட்டும். மன்னரின் ‘விளம்பரம்’ மலையாளத்தில் பிரகடனம் ஆகும். 1936இல் திருவிதாங்கூர் வெளியிட்ட கோயில் நுழைவுப் பிரகடனம் அவ்வாறே வழங்கப்படுகிறது. தமிழிலோ விளம்பரம் வணிகருக்கு உரியதாகிவிட்டது. ‘விஞ்ஞாபனம்’ கேரளத்தில் அரசின் அறிவிக்கை. அதே வடமொழிச் சொல்லிலிருந்து வந்த தமிழின் ‘விண்ணப்பம்’ குடிமகன் அரசுக்குத் தருவது.

இவற்றுள் மிகவும் கருதத்தக்கது ‘அவகாசம்’. தமிழில் அது கால நீட்டிப்பு; மலையாளத்தில் உரிமை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கு ‘வனாவகாச நியமம்’ எனப்படும். அட்டப்பாடியின் இருளர், இடுக்கியின் முதுவர் போன்ற பழங்குடியினருக்கு இச்சட்டம் வாழ்வாதாரத்தைக் காப்பது. கிராம சபையின் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம். உரிமை என்னும் சொல்லைத் தவணையெனக் கொள்பவர் உண்மையான தவணையைத் தவறவிடக்கூடும்.

வினைமுற்றின் வலிமை

ஆணையின் உயிர் அதன் வினைமுற்றில் உள்ளது. ‘செய்யலாம்’ என்பது அனுமதி; ‘செய்ய வேண்டும்’ என்பது கடமை; ‘செய்தல் கூடாது’ என்பது தடை. மொழிபெயர்ப்பில் ‘வேண்டும்’ என்பது ‘லாம்’ ஆகுமாயின், கடமை விருப்பமாகிவிடும். இந்திய வானிலைத் துறையின் வண்ண எச்சரிக்கைகளும் இத்தகையனவே. மஞ்சள் நிலவரத்தைக் கவனித்துவரச் சொல்கிறது. ஆரஞ்சு ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. சிவப்பு உடனே செயற்படச் சொல்கிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரைப் பலிகொண்டது. இத்தகைய மலைச்சரிவுகளில் வாழ்வோருக்கு வண்ணத்தின் பெயர் மட்டும் போதாது. எப்போது, எங்கே செல்ல வேண்டும் என்பதும் அவர்கள் மொழியில் சொல்லப்பட வேண்டும்.

பாதுகாப்புகள்

இதற்கான அடிப்படை முன்னரே இடப்பட்டுள்ளது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்திய அரசிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்க அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 விழுக்காடு வரை உள்ள வட்டாரங்களில் முக்கிய அறிவிப்புகளும் விதிகளும் அவர்கள் மொழியிலும் வெளியிடப்பட வேண்டும் என்பது 1956இல் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புகளுள் ஒன்று. கேரள ஆட்சிமொழிகள் சட்டம், 1969, அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலும் கன்னடத்திலும் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தவும், அம்மொழியிலேயே விடை பெறவும் வழிசெய்தது.

எனினும் மலையாள அறிவிப்பைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுவது மட்டும் மொழிபெயர்ப்பாகாது. நியமத்தைச் சட்டமாகவும், சட்டத்தை விதியாகவும், அவகாசத்தை உரிமையாகவும் மாற்றித் தரும் இருமொழிச் சொற்பட்டியல் ஒன்று ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சியிலும் இருத்தல் நலம். யார், எதை, எந்நாளுக்குள் செய்ய வேண்டும், செய்யாவிடில் விளைவு யாது, யாரிடம் முறையிடலாம் என்னும் வினாக்களுக்கு ஓர் அறிவிப்பு தெளிவாக விடையளிக்குமாயின், அது தன் கடமையை நிறைவேற்றியதாகும்.