மெழுகுதிரிக்கு நிறமூட்டல்

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவிய இராக்களைக் களுவாஞ்சிக்குடியார் எளிதில் மறவார். மே மாதத்துச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த மாணவர்க்கு மெழுகுதிரியே துணையாயிற்று. எரிந்தெஞ்சிய துண்டுகளை உருக்கி எம் வீட்டிலும் திரி வார்த்தோம். வெண்மையிற் சலித்த சிறுவர் நிறங் கேட்டனர்.

முதலிற் பேனா மையை விட்டோம். அஃது உருகிய மெழுகிற் கலவாது, துளிகளாய் அடியில் உருண்டது. மையின் சாயம் நீரிற் கரைவது, மெழுகோ எண்ணெயினம். பலகாரத்துக்கிடும் நிறத்தூள்களிற் பெரும்பாலனவும் இவ்வாறே தோற்கும்.

அடுத்துச் சித்திரந் தீட்டும் பஸ்டல் துண்டொன்றை இட்டோம். நிறம் அழகாய் அமைந்தது. ஆயின் சிறிது நேரத்திற் சுடர் சுருங்கி அணைந்தது. பாடம் பாதியில் நின்றது.

காரணம் யாதெனின், மெழுகுதிரியில் முதன்மையாய் எரிவது நூலன்று. உருகிய மெழுகு நூலிழைகளின் நுண்ணிடைவெளிகளால் மேலேறி, ஆவியாகி எரிகின்றது. மைக்கல் பரடே 1860ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் இலண்டனிற் சிறுவர்க்குத் தொடங்கிய ஆறு விரிவுரைகளின் பொருளும் இதுவே. பஸ்டலின் நிறப்பொடி கரைவதுமில்லை, ஆவியாவதுமில்லை. நுண்சேறுபோல் நூலில் தங்கி வழியை அடைக்கின்றது. மஞ்சட்டூளுக்கும் இக்குறை உண்டு.

வேண்டுவது எண்ணெயிற் கரையுஞ் சாயம். கடைத் திரிகளுக்கு அத்தகைய செயற்கைச் சாயங்கள் உள. எமக்குக் கைகொடுத்தது, கூந்தற்றைலத்தைச் சிவப்பிக்க எம் பாட்டிமார் இட்ட வேம்பாளம்பட்டையே. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, துணியில் முடிந்து, உருகிய மெழுகில் ஊறவிட்டு, முடிச்சை எடுத்துவிடல் வேண்டும். தூள் மெழுகில் இறங்கலாகாது. உருகிய நிலையிற் கருஞ்சிவப்பாய்த் தோன்றுவது இறுகியபின் வெளிறும். ஆதலால் வெண்கோப்பையில் ஒரு துளி விட்டுப் பார்த்தபின் வார்ப்பது நன்று.

மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பில் ஏற்றற்க. கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்தால் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது; மெழுகு உருக 60 பாகையளவே போதும். தீப்பற்றின் மூடியால் மூடுக. நீரூற்றின் மெழுகு சீறித் தீயை எங்கும் பரப்பிவிடும்.

சிறுவர் எதிர்பார்த்த செஞ்சுடர் மட்டுங் கிட்டவில்லை. மெழுகு சிவந்தும் சுடர் பொன்னிறமாகவே நின்றது; அது சுடரினுள்ளே வெம்மையால் ஒளிரும் கரித்துகள்களின் நிறம்.