பொட்டலத்தில் அச்சாகும் முகவரி

அவலூர்பேட்டை வாரச்சந்தைக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். தரையில் சாக்கு விரித்து, கத்தரிக்காயைக் கூறு கட்டி விற்கிற அம்மாவின் முன்னாலும் இப்போது ஒரு க்யூஆர் அட்டை நிற்கிறது. பத்து ரூபாய் கொத்தமல்லிக்கும் போனை நீட்டுகிறார்கள். 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானபோது, அது நம் ஊர்ச் சந்தைக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். பணம் வாங்குவது போனுக்குள் வந்துவிட்டது. பொருளை விற்பது வந்துவிட்டதா? வந்திருந்தால், யாருக்கு வந்திருக்கிறது?

நம் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குவோம். எங்கள் சித்தி மல்லாட்டைப் பொடி நன்றாக அரைப்பார். வறுத்த மல்லாட்டை, காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி. சந்தையில் வைத்து விற்றுப் பார்த்தார். தெரிந்தவர்கள் வாங்கினார்கள். ஊர்த்தெருவில் இருந்து வருகிறவர்கள் காய்கறி வாங்குவார்கள், உளுந்து வாங்குவார்கள். ஆனால் அரைத்த பொடி, சுட்ட பலகாரம் என்றால் கை பின்னால் போய்விடும். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான். விளைந்த பொருளில் தீட்டு இல்லை, சமைத்த பொருளில் இருக்கிறது என்பது நம் பக்கத்தில் எழுதாத சட்டம்.

சரி, போனில் விற்கலாம் என்று கல்லூரியில் படிக்கும் தங்கை யோசனை சொன்னாள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்தாள். விலை போட்டு, சித்தியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். தினமும் அறுபது, எழுபது பேர் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் விற்றது விரல் விட்டு எண்ணும் அளவு. சித்தி ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார்: "நம்ம தெருதான் பாக்குது. நம்ம தெருவுல எந்த வூட்ல மல்லாட்ட இல்ல?"

டிஜிட்டல் மார்க்கெட்டிங் பாடம் நடத்துகிறவர்கள் சொல்லாத விஷயத்தைச் சித்தி ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஸ்டேட்டஸ் எப்படி வேலை செய்கிறது? நாம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவரும், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருமாகிய ஒருவருக்குத்தான் அது தெரியும். சித்தியின் போனில் இருக்கும் எண்கள் யாருடையவை? சொந்தக்காரர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், வேலைக்கு ஒன்றாகப் போகிறவர்கள். ஊரில் தெரு எப்படிப் பிரிந்திருக்கிறதோ, அப்படியே போனில் எண்களும் பிரிந்திருக்கின்றன. முகநூலும் இன்ஸ்டாகிராமும் கொஞ்சம் வேறு. ஆனால் அங்கேயும் நண்பர்களின் நண்பர்களிடமிருந்துதான் பெரும்பாலும் வட்டம் விரிகிறது. உலகமே கையில் இருக்கிறது என்கிறார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் நம் தெருதான்.

போன் யார் கையில் இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57 விழுக்காடு. அதன்பின் நிலைமை மாறியிருக்கும். ஆனாலும் ஒரே போனை வீடே பகிர்ந்துகொள்ளும் இடத்தில், மகன் வேலைக்குப் போகும்போது கடையும் அவனோடு போய்விடுகிறது. வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு இரவு ஒன்பது மணிக்குத்தான் பதில் போகும். அதற்குள் அவர் வேறு யாரிடமாவது வாங்கியிருப்பார்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் படித்துத் திரும்பி, பரோடா வேலையில் அவமானப்பட்டு, பம்பாய் திரும்பியதும், பங்குச் சந்தையில் ஈடுபடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். தொழிலும் முதலில் நடந்தது. ஆலோசனை சொல்கிறவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. சரக்கு மாறவில்லை, விற்றவரின் அடையாளம் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். சித்தியின் பொடிக்கு நடந்ததும் அதுதான். நூறு ஆண்டு இடைவெளி.

அதனால்தான் இணையச் சந்தை வந்தபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். முகம் தெரியாது. தெரு தெரியாது. பொருளும் விலையும் மட்டும் தெரியும். சென்னையில் இருப்பவர் பொடியின் படத்தைப் பார்ப்பார், பணம் அனுப்புவார், பொட்டலம் போகும். சாதி நடுவில் எங்கே நுழையும்?

பொட்டலத்தின் மேல் நுழைகிறது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் எந்தப் பொருளிலும் தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் வேண்டும். நல்ல சட்டம்தான். கெட்ட பொருள் விற்றவனைப் பிடிக்க முகவரி வேண்டும். ஆனால் எங்கள் முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'காலனி' என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைப் படித்ததும் புரிந்துகொள்ளாதவர் யார்? சித்தி லேபிள் அடிக்கப் போனபோது, அச்சகத்தில் இருந்த பையனே அக்கறையோடு கேட்டான், அந்த வார்த்தையை எடுத்துவிடலாமா என்று. எடுத்தால் கதவு எண்ணும் தெருவும் இல்லாத முகவரிக்குத் தபால் எப்படி வரும்? அம்பேத்கர் தெரு என்று போடலாம் என்றால், நம் கிராமங்களில் அதுவும் அதே செய்தியைத்தான் சொல்லும்.

2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். மானப் பிரச்சினை என்றுதான் அதைப் பலரும் பேசினார்கள். அது வியாபாரப் பிரச்சினையும்கூட என்பது லேபிள் அடிக்கும்போதுதான் உறைக்கிறது. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பழைய முகவரியே இருந்தால், உணவுப் பதிவிலும் அதுவே ஏறும், பொட்டலத்திலும் அதுவே ஏறும். விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளும் வேலையை மாணவர்கள் தங்கள் வீடுகளில் தொடங்கலாம். சிறு தயாரிப்பாளருக்கு உணவுப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அதை எடுக்கும் முன்பே முகவரியைச் சரிசெய்துவிடுவது நல்லது.

கூரியர் கதை தனி. பார்சல் எடுக்க வீட்டுக்கே வருவோம் என்று விளம்பரம். எங்கள் தெருவுக்கு வருவதில்லை. மெயின் ரோட்டுக்கு எடுத்து வரச் சொல்வார்கள். பாதை குறுகல் என்பார்கள். அதே அகலப் பாதை உள்ள மற்றத் தெருக்களுக்கு வண்டி போவதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடைசியில் அஞ்சலகம்தான் கைகொடுத்தது.

மறைப்பதா, அறிவிப்பதா? இந்தக் கேள்வியை வடக்கே ஒருவர் நேருக்கு நேர் சந்தித்தார். எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே மஞ்சள், மிளகாய்த் தூள், மாங்காய் ஊறுகாய் முதலியவற்றை இணையத்தில் விற்கத் தொடங்கினார். எந்தக் கை பட்டால் தீட்டு என்றார்களோ, அந்தக் கையின் பெயரையே லேபிளில் போட்டார். பிடித்தவர்கள் வாங்கட்டும் என்பது அவர் துணிச்சல். டெல்லியில் இருந்துகொண்டு படித்த வாடிக்கையாளரைத் தேடுகிறவருக்கு அது முடியும். சந்தையில் பக்கத்துக் கடைக்காரரிடம் தராசு இரவல் வாங்க வேண்டிய சித்திக்கு முடியுமா என்று நாம் யோசிக்கத்தான் வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் யாரையும் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

அடையாளத்துக்கு விலை கிடைக்கும் காலமும் வருகிறது என்பதற்கு ஒரு சாட்சி, கோலாப்பூர் செருப்பு. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தோல் தொழில் செய்யும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் தைப்பது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகர ஆடை அணிவகுப்பில் அதே வடிவச் செருப்பைக் காட்டியது, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமலே. கொந்தளித்தது பெரும்பாலும் சமூக ஊடகங்களில்தான். சில நாட்களில் அந்நிறுவனம் இந்தியக் கைவினைஞர்களின் மரபே அதற்கு மூலம் என்று ஒப்புக்கொண்டது. தொடர்ந்து அந்த ஆண்டு டிசம்பரில், இரு மாநிலங்களின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டது. அந்தக் கழகங்கள் இரண்டும் சந்த் ரோகிதாஸ், பாபு ஜெகஜீவன்ராம் பெயர்களைத் தாங்கியவை. புவிசார் குறியீடு என்ற காகிதமும், படம் எடுத்துப் போட ஆளும் இல்லாதிருந்தால் அந்த ஒப்புதல் வந்திருக்காது. தைத்தவர் கைக்கு எவ்வளவு கூலி போய்ச் சேருகிறது என்பதை இனிமேல் பார்க்க வேண்டும்.

இங்கே செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்து அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் செஞ்சி மட்டும். வெளியூர்க்காரர்கள் போனில் தேடிக்கொண்டுதான் வருவார்கள். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்கு வரும் கூட்டமும் அப்படித்தான். கூகுள் மேப்பில் யாருடைய சாப்பாட்டுக் கடை, யாருடைய ஆட்டோ, யாருடைய பொம்மைக் கடை தெரிகிறதோ அவர்களுக்குப் பிழைப்பு. அதில் பதிவு செய்யக் காசு கிடையாது. வீட்டிலிருந்து தொழில் செய்பவர் தெரு முகவரியைக் காட்டாமல், எந்தெந்த ஊர்களுக்குச் சேவை என்று மட்டும் காட்டவும் அதில் வழி இருக்கிறது. இதைச் செய்துகொடுக்க ஒரு பிளஸ் டூ மாணவர் போதும்.

பெரிய தளங்களில் விற்பதற்கு முன்பு பெரிய தடை ஒன்று இருந்தது. எவ்வளவு சிறிய வியாபாரியானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்தது. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவர், பான் எண்ணைக் கொண்டு ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். பெங்களூருக்கு அனுப்ப வேண்டுமானால் மறுபடி பழைய கதைதான். புதுச்சேரி நமக்குப் பக்கத்து ஊர் போல. ஆனால் சட்டத்துக்கு அது வேறு எல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அரசுத் திட்டங்களில், 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி, கடனுக்கு 6 விழுக்காடு வட்டி மானியம். செக்கு, அரைவை இயந்திரம், பேக்கிங் இயந்திரம் என்று யோசிக்கிறவர்கள் போய்ப் பாருங்கள். மானியத்தை அரசு கொடுத்தாலும் கடனை வங்கிதான் கொடுக்க வேண்டும், அந்த மேசையில்தான் நம் பிள்ளைகளின் செருப்பு தேய்கிறது. இன்னொன்று, மத்திய அரசு நிறுவனங்கள் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2012 முதல் கொள்கை இருக்கிறது. வாங்குவதும் இப்போது ஜெம் என்ற இணையச் சந்தையில்தான் நடக்கிறது. அந்த அளவு பல ஆண்டுகள் எட்டப்படவே இல்லை. விற்கப் பதிவு செய்தவர் குறைவு என்பது அதிகாரிகள் சொல்லும் காரணம். பதிவு செய்து அந்தக் காரணத்தை இல்லாமல் ஆக்கிவிடுவோமே.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்று மாதத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், வீட்டிலிருந்தே மாதம் ஐம்பதாயிரம் என்று வரும் விளம்பரங்களுக்குக் கட்டணம் கட்டி ஏமாந்தவர்கள் நம் பகுதியிலேயே இருக்கிறார்கள். வேலை தருகிறவர் முன்பணம் கேட்க மாட்டார். பணம் பெறுவதற்கு பின் எண் தேவையில்லை, பின் எண் போடச் சொன்னால் நம் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். சாதியைச் சொல்லிக் கமெண்ட்டில் இழிவுபடுத்தினால் படம் பிடித்து வையுங்கள். இணையத்தில் இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கிறது.

சித்தியின் பொடி இப்போது மாதம் முப்பது, நாற்பது பொட்டலம் போகிறது. பெரும்பாலும் சென்னைக்கும் கோவைக்கும். தங்கை தன் கல்லூரித் தோழிகளின் அம்மாக்களை ஒரு குழுவாகச் சேர்த்தாள், ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். லேபிளில் 'காலனி' இன்னும் இருக்கிறது. முகவரி மாற்ற விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. இதுவரை வாங்கியவர்களில் இரண்டு பேர் மட்டும் அடுத்த முறை ஆர்டர் கொடுக்கவில்லை. காரம் அதிகமாகப் போய்விட்டதோ என்று சித்தி மிளகாயைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.